கைதுடைத்த சட்டை

தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
குந்துகாலில் கரையேறிச் சாய்ந்து கிடந்த படகுகளுக்குப்
பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஒரு பெயருக்கு ஆயிரத்து இருநூறு.
மாதா படத்தோடு என்றால் இரண்டாயிரம்.
பழைய பெயரைச் சுரண்டிவிட்டு
மாப்பிள்ளை பெயர் போடுவது
தனிக்கணக்கு.

கொச்சியிலிருந்து வந்தவர் படகைப் பார்க்கவில்லை.
என் வயிற்றைப் பார்த்தார்.
அந்தச் சட்டை விலைக்குக் கிடைக்குமா என்றார்.

பதினோரு வருசச் சட்டை.
இடது விலாவில்தான் தூரிகை துடைப்பேன்.
மேலே கிடக்கும் பச்சை போன வாரத்தது.
அதற்கடியில் ஒரு நீலம், புயலில் பிளந்த சந்தியாகுவுடையது.
அதற்கும் அடியில் சிவப்பு.
அந்தப் படகை அக்கரையில் பிடித்து வைத்திருக்கிறார்கள்,
மழையில் மக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்குக் கூட்டிப்போய்
நான் வரைந்த நாலு கடல்களைக் காட்டினேன்.
நல்லா இருக்கு என்றார்,
அடுத்தவர் பிள்ளையைச் சொல்வதுபோல.
சட்டைக்கு முப்பத்தைந்தாயிரம்.

கையெழுத்துப் போடச் சொன்னார்.
எந்தப் படகிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.
சுக்கானுக்கு மேலே, கட்டைவிரல் உயரத்தில்
செல்போன் நம்பர் மட்டும்.
காலரில் அதையே எழுதினேன்.
இது இன்னும் நல்லது என்றார்.
ஏன் என்று சொல்லவில்லை.

படம் அனுப்பியிருந்தார்.
வெள்ளைச் சுவர், மேலிருந்து விழும் வெளிச்சம்.
கைகளை விரித்துக்கொண்டு தொங்கியது.
ஆளில்லாமல்
என்னைவிட நிமிர்ந்திருந்தது.

பிறகு போன் வந்தது:
டிசம்பருக்குள் பத்துச் சட்டை முடியுமா?

கேணிக்கரையில் பத்து வெள்ளைச் சட்டை வாங்கினேன்,
மொத்த விலைக்கு.
முதல் சட்டையைப் போட்டுத் துடைத்தேன்.
கை யோசித்தது.
இங்கே கொஞ்சம் மஞ்சள் வேண்டாமா என்று கேட்டது.
பத்து நிமிசத்தில் அது ஓவியமாகி
கெட்டுப்போனது.
கண்ணை மூடித் துடைத்தேன்.
வலது விலாவில் துடைத்தேன்.
மச்சினன் எட்வினுக்குப் போட்டுவிட்டேன்.
அவன் சட்டை அழுக்காகாமல் இருக்க
ரொம்பக் கவனமாக இருந்தான்.

சின்னப்பாலத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள்,
பாசிச் சாக்கை நிறுவைக்குப் போட்டுவிட்டு.
விரல்களில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக உரித்தாள்.
சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி
ஆணியில் மாட்டினாள்.
கல்யாண வருசத்தில் நான் போட்ட கட்டம் போட்ட சட்டை.
முழங்கைகளைப் பார் கிழித்திருந்தது.
தண்ணீர் நின்ற உயரங்களை
உப்பு கோடு கோடாகக் குறித்திருந்தது.
மடித்தால் முறியும்.

கொச்சிக்காரர் கண்ணால் அதைப் பார்த்தேன்.
வெட்கமாக இருந்தது.
வெட்கம் முடிவதற்குள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன்.
நாலு நிமிசத்தில் பதில்:
ஐம்பது.

அவள் காலில் தைத்த முள்ளை
ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
நிமிராமல் கேட்டாள்:
"யார் பேரு போடுவாக?"

நான் பேசவில்லை.
முள் வெளியே வந்தது.

"விக்கமாட்டேன்.
அமாவாசைக்கு வத்தம் நல்லா இருக்கும்.
வேற சட்டை தோளைப் பிடிக்கும்.
வேணும்னா வாடகைக்குத் தாரேன்,
நாளைக்கு எண்ணூறு.
நான் கடலுக்குப் போகாத கூலி அது.
ஆணியில மாட்டுறதுக்குத்தான் இந்த ரேட்டு.
நானே போட்டுக்கிட்டு வந்து நிக்கணும்னா
தனிக்கணக்கு."

கொச்சிக்கு எழுத வேண்டும்.
தனிக்கணக்கை எப்படி எழுதுவது
என்று நினைத்துக்கொண்டே
கையில் இருந்த பச்சையை
எங்கேயோ துடைத்துவிட்டேன்.